சைக்கிளுக்குக் கோடு கேட்பதற்கு முன் ஃப்ரீ லெஃப்ட்டை மூடச் சொல்லுங்கள்

கேள்வி: செப்டம்பர் 14

"அடையாறு பக்கம் இருக்கிறோம். எங்கள் சாலையைப் புதிதாகப் போடப்போகிறார்கள். ஏரியா சபைக் கூட்டத்தில் சைக்கிளுக்கு என்று இடது ஓரமாக ஒரு பச்சைப் பட்டை கேட்கலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். பெயின்ட் செலவு குறைவு, சீக்கிரம் நடக்கும். கோடு இருந்தால் வண்டிக்காரர்கள் விலகித்தானே போவார்கள்? பிள்ளைகளைத் தைரியமாக அனுப்பலாம் இல்லையா?"

செப்டம்பர் 14, இரவு

கோடு கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மனுவில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும். முதல் வரியில் முனையை, அதாவது வண்டிகள் திரும்புகிற சந்திப்பின் மூலையைச் சரிசெய்யக் கேளுங்கள்.

நேர்ச்சாலையில் ஒரு கார் நம்மை உரசுகிற மாதிரி போனால் நெஞ்சு படபடக்கும், நாலு வார்த்தை திட்டுவோம், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். முனையில் அப்படி இல்லை. நாம் நேராகப் போகிறோம், பக்கத்தில் வரும் லாரி இடது பக்கம் திரும்புகிறது. டிரைவர் வலது பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சைக்கிள் அவர் கண்ணுக்கே படாது. முன் சக்கரம் தாண்டிப் போய்விடும், பின் சக்கரம் முனையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். பச்சைப் பட்டை எங்கே முடியும் தெரியுமா? சரியாக அந்த முனைக்குக் கொஞ்சம் முன்னால். காப்பாற்ற வேண்டிய இடத்தில் பெயின்ட் இருக்காது. இருந்தாலும் அது லாரியை நிறுத்தாது.

செப்டம்பர் 15

"வெளிநாட்டிலெல்லாம் பெயின்ட்தானே அடித்திருக்கிறார்கள்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அடித்துப் பார்த்த ஊர் லண்டன். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற ஊர் என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

2010-இல் அங்கே 'சைக்கிள் சூப்பர்ஹைவே' என்று தொடங்கினார்கள். பெயர் பெரிது. பல இடங்களில் சாலை ஓரத்தில் நீலப் பெயின்ட், அவ்வளவுதான். இரண்டாம் எண் பாதை கிழக்கு லண்டனில் 2011 ஜூலையில் திறக்கப்பட்டது. அது அப்போது போய் முடிந்த போ ரவுண்டானாவில் அந்த ஆண்டு அக்டோபரிலும் நவம்பரிலும் இரண்டு சைக்கிள்காரர்கள் லாரியில் அடிபட்டு இறந்தார்கள். 2013-இல் மரண விசாரணை நடத்திய அதிகாரி, இந்த நீலப் பெயின்ட் சைக்கிள்காரர்களுக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைக் கொடுக்கிறது என்று எச்சரித்தார். அதே 2013 நவம்பரில் லண்டன் முழுக்க இரண்டே வாரத்தில் ஆறு சைக்கிள்காரர்கள் உயிரிழந்தார்கள். அப்புறம்தான் அந்தப் பாதையைத் தோண்டி, கல் விளிம்பு வைத்து, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் வளைத்துவிட்டு, 2015, 2016-இல் திரும்பக் கட்டினார்கள். போ ரவுண்டானாவில் அதற்கு முன்பே சைக்கிளுக்கு மட்டும் சில விநாடி முன்னதாகப் பச்சை விழும்படி சிக்னலை மாற்றியிருந்தார்கள்.

ஒரே பாதைக்கு இரண்டு முறை செலவு. இடையில் உயிர்கள். அதைத் திரும்பவும் நம் ஊரில் செய்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

செப்டம்பர் 15, சாயங்காலம்

லேனே இல்லாமல், சாலை நடுவில் சைக்கிள் படமும் அதன் மேல் இரண்டு அம்புக்குறியும் போடுகிற வழக்கம் அமெரிக்காவில் உண்டு. 'ஷாரோ' என்பார்கள். சிகாகோவில் இதை வைத்து இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். தனி லேன் போட்ட பகுதிகளில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களின் காயம் 42 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்றுமே செய்யாத பகுதிகளில் ஏறத்தாழ 37 சதவீதம். அம்புக்குறி போட்ட பகுதிகளில் 20 சதவீதம்தான். அதாவது சும்மா விட்டிருந்த தெருவை விட அம்பு போட்ட தெரு பின்தங்கிவிட்டது.

இதை வைத்து அம்புக்குறியே ஆபத்து என்று சொல்ல முடியாது. எந்தத் தெருவில் போட்டார்கள், அங்கே போக்குவரத்து எப்படி என்பதெல்லாம் இருக்கிறது. ஆனால் படம் வரைந்து கொடுத்து "செய்துவிட்டோம்" என்று ஃபைலை மூடிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

செப்டம்பர் 18

ஃப்ரீ லெஃப்ட், அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடது பக்கம் திரும்புகிற வழி பற்றிக் கேட்டவருக்கு.

நம் பெரிய சந்திப்புகளில் இடது பக்கம் ஒரு முக்கோணத் திட்டு இருக்கும். அதற்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் அகலமாக, நீளமாக வளைந்து போகிற ஒரு வாய். சிக்னல் சிவப்பாக இருந்தாலும் அதில் வண்டி நிற்காது. வளைவு பெரிது என்பதால் கார்க்காரர் பிரேக்கைத் தொடக்கூட வேண்டியதில்லை. அந்த வேகத்தில் அவர் பார்வை முழுவதும் வலது பக்கம்: சேரப்போகிற சாலையில் வண்டி வருகிறதா என்று. இடது பக்கம் இருக்கிற நம்மை அவர் பார்க்கக் காரணமே இல்லை.

நேராகப் போக வேண்டிய சைக்கிள்காரருக்கு இரண்டு வழிதான். ஓரமாகவே போனால் திரும்புகிற வண்டிகள் குறுக்கே வெட்டும். முன்கூட்டியே வலது பக்கம் ஒதுங்கினால் இரண்டு வரிசைக்கு நடுவில், ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் இடிக்கும்படி நிற்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, பின்னால் வருகிறவர் முகத்தைப் பார்த்து நகர்வேன். இதைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியுமா? அரசே இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. அந்தப் பிள்ளை ஓட்டிப் போகிற முனையையும் அரசுதான் சரிசெய்ய வேண்டும்.

கேட்க வேண்டியது இது: அந்த வாயை மூடி, பிளாட்பாரத்தோடு சேர்த்துவிடுங்கள். முனையின் வளைவைச் சின்னதாக்குங்கள். இடது பக்கம் திரும்புகிற வண்டியும் சிக்னலில் நின்று திரும்பட்டும்.

செப்டம்பர் 18, கொஞ்ச நேரம் கழித்து

"வளைவைச் சின்னதாக்கினால் எம்டிசி பஸ் எப்படித் திரும்பும்?" நியாயமான கேள்வி. முனையில் ஒரு பட்டைக்குக் கரடுமுரடான கல் பதித்து, சாலையை விடக் கொஞ்சம் உயரமாக வைப்பார்கள். பஸ்ஸின் பின் சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கிப் போகும். காருக்கு அதில் ஏறினால் குலுங்கும், அதனால் சுற்றித்தான் வரும். பெரிய வண்டிக்குப் பெரிய வளைவு, சின்ன வண்டிக்குச் சின்ன வளைவு, ஒரே முனையில்.

நெதர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். முனையில் ஒரு சின்னத் திட்டு வைத்து, சைக்கிள் கடக்கிற இடத்தையே சந்திப்பிலிருந்து ஒரு கார் நீளத்துக்கு உள்ளே தள்ளிவிடுவார்கள். கார் பாதி திரும்பிய பிறகுதான் சைக்கிள் பாதையைச் சந்திக்கும். அப்போது சைக்கிள்காரர் கண்ணாடியில் தெரிய வேண்டியதில்லை, நேர் எதிரில் இருப்பார். நிறுத்தவும் இடம் இருக்கும். இதில் டிரைவரின் நல்ல மனதை நம்பி எதுவும் இல்லை.

அந்த ஊர் பிறவியிலேயே அப்படி இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1971-இல் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,000-க்கு மேல். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான் இயக்கத்தின் பெயர்.

செப்டம்பர் 23

மூன்று நாளாக ஒரே சண்டை: "தனிப் பாதை போட்டால் பைக்காரன் உள்ளே வந்துவிடுவான், எதற்கு வீண் செலவு?"

வருவார்கள். டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ் தடத்தோடு சைக்கிள் பாதையும் போட்டபோது பைக்குகள் புகுந்தன. (2016-இல் அந்தத் தடத்தையே எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை.) பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் 2020-இல் போட்ட பாதையிலும் இதே பிரச்சினை.

குட்டைத் தூண்களை நெருக்கி வைத்தால் தடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பைக்கின் ஹேண்டில்பாரும் சைக்கிளின் ஹேண்டில்பாரும் கிட்டத்தட்ட ஒரே அகலம். சக்கர நாற்காலிக்கு அதைவிட இடம் வேண்டும். பைக்கைத் தடுக்கிற இடைவெளி நாற்காலியையும், பின்னால் கேரியரில் பால் கேன் கட்டியவரையும் தடுத்துவிடும். ஆக தூணால் மட்டும் முடியாது. பைக் ஏன் உள்ளே வருகிறது? பெரும்பாலும் முன்னால் சிக்னலில் வண்டிகள் தேங்கி நிற்கிறபோது. சந்திப்புக்குச் சந்திப்பு பாதை ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கினால் வேகமாக வர முடியாது; பைக்குக்கு இருக்கிற லாபம் பாதி போய்விடும். மிச்சத்துக்குப் போலீஸ் வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில்கூடச் சின்ன ஸ்கூட்டர்கள் சைக்கிள் பாதையில் போய்க்கொண்டுதான் இருந்தன. 2019 ஏப்ரலில்தான் நகரின் உள்வட்டத்தில் அவற்றைச் சாலைக்கு மாற்றி, ஹெல்மெட்டையும் கட்டாயமாக்கினார்கள்.

செப்டம்பர் 24

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் ஊரில் பைக்காரரும் பலவீனமானவர்தான். 2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44 சதவீதத்துக்கு மேல். முனையைச் சுருக்குவதும் வேகத்தைக் குறைப்பதும் அவர்களையும் காப்பாற்றும். ஏரியா சபையில் இதைச் சொல்லுங்கள். சைக்கிள் என்றால் "பத்துப் பேருக்காகவா" என்பார்கள். பைக் வைத்திருக்கிறவர் அந்த அறையில் எல்லோரும்.

செப்டம்பர் 29

இன்று இரவு எங்கள் பக்கத்துச் சாலையில் கோடு போடுகிற வேலை நடந்தது. நின்று பார்த்தேன். தள்ளுவண்டி மாதிரி ஒன்றில் அடுப்பு, மேலே கொப்பரை, அதில் வெள்ளைத் தூள் உருகிக் கஞ்சியாகக் கொதிக்கிறது. 200 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். முதலில் ஒருவர் சுண்ணாம்புக் கயிற்றை இழுத்துத் தட்டி நேர்கோடு எடுக்கிறார். இன்னொருவர் தகரப் பெட்டியை அந்தக் கோட்டின் மேல் இழுக்க இழுக்க வெள்ளைப் பட்டை பின்னால் விழுகிறது, இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். சூடு ஆறுவதற்குள் அதன் மேல் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். இரவில் ஹெட்லைட் பட்டால் பளபளப்பது அந்த மணிகள்தான். வேலை செய்தவர்களில் யாருக்கும் முகமூடி இல்லை, கையுறையும் இல்லை. கால் கட்டைவிரலில் பெயின்ட் தெறித்து வெந்த தழும்பு ஒருவருக்கு.

"நாளைக்கு மெட்ரோக்காரன் வந்து தோண்டுவான், திரும்ப நாங்களே வந்து போடுவோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

இதைப் பார்த்ததும் தோன்றியது: அகலமான பச்சைப் பட்டையை இந்தப் பெயின்டில் அடித்தால் மழையில் வழுக்கும். ஜீப்ரா கிராசிங்கின் மேல் பிரேக் பிடித்த பைக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். நெதர்லாந்தில் சைக்கிள் பாதை சிவப்பாக இருப்பதற்குக் காரணம் மேலே அடித்த பெயின்ட் கிடையாது, தார்க் கலவையிலேயே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். தேய்ந்தாலும் நிறம் போகாது, பிடிமானமும் குறையாது. பச்சை வேண்டும் என்றால் இப்படிக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு ஓரமும் கோடு, நடுவில் சைக்கிள் படம், மிச்சம் கறுப்பாகவே இருக்கட்டும்.

அக்டோபர் 2

கார் கதவு. இதை யாருமே எழுதவில்லையே!

ஓரத்தில் கார்கள் நிற்கிற தெருவில், அவற்றை ஒட்டிச் சைக்கிள் லேன் வரைந்தால், சைக்கிள்காரரைக் கதவு திறக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்று அர்த்தம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறவர், டாக்ஸியின் பின் சீட்டிலிருந்து போனைப் பார்த்தபடி இறங்குகிறவர், யாரும் பின்னால் பார்ப்பதில்லை. கதவுக்கு ஒரு மீட்டர் தள்ளித்தான் நான் ஓட்டுவேன். பின்னால் ஹாரன் அடித்தாலும் உள்ளே போகமாட்டேன்.

தெருவில் இடம் இருந்தால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் பிளாட்பாரம், அடுத்து சைக்கிள், அடுத்து கதவு திறக்க ஓர் இடைவெளி, அதற்கு அப்புறம் நிற்கிற கார். நிற்கிற காரே தடுப்பாகிவிடும். ஸ்பெயினில் செவில்லே நகரம் 2006-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே 80 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை போட்டது. நிறைய இடத்தை கார் நிறுத்துகிற பட்டையிலிருந்துதான் எடுத்தார்கள். துண்டு துண்டாகப் போடாமல் ஒன்றோடு ஒன்று சேர்கிற மாதிரி ஒரே மூச்சில் போட்டதுதான் அங்கே வேலை செய்தது. ஒன்றுமே இல்லாத ஊரில் சைக்கிள் பல மடங்கு கூடியது.

வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க: வலது பக்கக் கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். பிரிட்டன் 2022-இல் தன் சாலை விதிப் புத்தகத்திலேயே இதைச் சேர்த்துவிட்டது.

அக்டோபர் 3

"எங்கள் தெருவே இருபது அடி, இதில் எங்கே லேன்?" சின்னத் தெருவில் லேன் தேவையே இல்லை. வேகம் 30-க்குக் கீழே இருந்தால் காரும் சைக்கிளும் கலந்து போகலாம். 50-இல் வருகிற கார், டிரைவர் ஆபத்தைப் பார்த்ததிலிருந்து பிரேக் போட்டு நிற்கிறவரை எடுக்கும் தூரம், 30-இல் எடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தத் தெருக்களில் காசை வேகத்தடைக்குப் போடுங்கள். முதுகை உடைக்கிற கூர்மையான மேடு வேண்டாம், ஜீப்ரா கிராசிங்கையே பிளாட்பார உயரத்துக்கு ஏற்றிவிடுகிற அகலமான மேடை. நடக்கிறவருக்கும் இறங்கி ஏற வேண்டாம்.

தனிப் பாதை வேண்டியது பஸ்ஸும் லாரியும் வேகமாகப் போகிற பெரிய சாலைக்கு. அங்கே ஒரு வழிக்குக் குறைந்தது 2 மீட்டர். இடம் இல்லை என்றால் லேனை அளந்து பாருங்கள்: மூன்றரை மீட்டர் லேனை மூன்று மீட்டராகக் குறைத்தாலும் இரண்டரை மீட்டர் சொச்சம் இருக்கிற பஸ் போகும். மூன்று லேனிலும் அரை அரை மீட்டர் எடுத்தால் ஒன்றரை மீட்டர் கையில் வந்துவிட்டது.

அக்டோபர் 9

சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை நிறைவேற்றியது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் பெரிய நகரம் நாம்தான். போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதமாவது நடப்பதற்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. சில சாலைகளில் நல்ல பிளாட்பாரம் வந்தது, 2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வந்தது. நான் ஓட்டுகிற சாலைகளில் சைக்கிளுக்கு என்று எதையும் பார்க்கவில்லை. மனுவில் இந்தக் கொள்கையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். புதிதாக எதையோ கேட்கவில்லை, ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைக் கேட்கிறோம்.

அக்டோபர் 17

மழை தொடங்கிவிட்டது. இன்று வந்த அத்தனை படங்களும் மழைநீர் வடிகால் மூடிதான். ஓரமாக ஓட்டு என்று நமக்குச் சொல்கிறார்கள். ஓரத்தில் இருப்பது இதுதான்.

கம்பிகள் சாலை போகிற திசையிலேயே நீளமாக இருந்தால் முன் சக்கரம் இடையில் இறங்கிவிடும். தண்ணீர் தேங்கியிருந்தால் தெரியாது. போன மழைக்கு என் தெருக்காரர் ஒருவர், வாட்ச்மேன் வேலை முடித்துக் காலையில் வந்தவர், அப்படித்தான் தலைகுப்புற விழுந்தார். முன்பல் இரண்டு போயிற்று. எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். கடைசியில் தெருவிலேயே ஒருவர் கம்பியைக் குறுக்கே வெல்டிங் வைத்துக் கொடுத்தார்.

குறுக்குக் கம்பி என்று மனுவில் தனி வரியாக எழுதுங்கள். கூடவே, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் அரசு உத்தரவிட்டிருக்கிறது, அதையும். சுரண்டாமல் போட்டால் சாலை உயரும், மூடி பள்ளத்துக்குள் போகும், ஓரத்தில் ஒரு சாண் குழி.

அக்டோபர் 18

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். புதுக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: 1991, 92-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் இறங்கினார்கள். "ரோட்டில் ஒருத்தியாகப் போனால் கிண்டல், பத்துப் பேராகப் போனால் வழி விடுவான்" என்கிறார். ஆய்வு செய்தவர்கள் சொல்வதும் அதுதான்: சைக்கிள் இரண்டு மடங்கு ஆனால் விபத்து இரண்டு மடங்கு ஆவதில்லை. அம்மா, இன்னும் எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சாலை இப்போது எப்படி இருக்கிறது?

நவம்பர் 6

கேள்வி கேட்டவர் கூட்டம் முடிந்து எழுதியிருக்கிறார். பச்சைப் பட்டைக்கு உடனே சரி என்றார்களாம். முனையைச் சுருக்குவதற்கு, "போக்குவரத்து தேங்கும், போலீஸ் ஒத்துக்கொள்ளாது" என்றார்களாம். இது வழக்கமாக வரும் பதில்.

தேங்குமா? கொஞ்சம் தேங்கும். ஆனால் நெரிசல் நேரத்தில் நேராகப் போகிற வரிசையே அந்த வாயை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது. ஃப்ரீ லெஃப்ட் அப்போது பேருக்குத்தான் ஃப்ரீ. அது வேலை செய்கிற நேரம் காலி நேரம், அதாவது தண்ணீர் லாரி வேகமாக வருகிற நேரம்.

நிரந்தரமாக வேண்டாம், ஒரு மாதத்துக்குத் தடுப்பு வைத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். மெட்ரோ வேலைக்காக இந்த ஊரில் எத்தனை சாலைகளை மாற்றிவிட்டிருக்கிறார்கள். ஒரு முனைக்கு நாலு தடுப்பு வைக்க முடியாதா?

அதற்கு ஆதாரம் இப்போதே எடுத்து வையுங்கள், இதுதான் நல்ல சமயம். பெரிய மழை விட்ட மறுநாள், துப்புரவுப் பணியாளர்கள் வருவதற்கு முன்னால் அந்த முனைக்குப் போங்கள். வண்டிச் சக்கரம் படுகிற இடம் கழுவிவிட்ட மாதிரி கறுப்பாக இருக்கும். படாத இடத்தில் மண்ணும் சருகும் படிந்திருக்கும். நான் பார்க்கிற முனையில் வாயின் உட்பக்கமும் திட்டைச் சுற்றியும் நல்ல அகலத்துக்கு மண். அவ்வளவு தாரும் யாருக்கும் தேவைப்படாத தார். டேப் பிடித்து அளந்து, அளவு தெரியும்படி படம் எடுங்கள். மாடியில் இருக்கிற கடைக்காரரிடம் கேட்டால் மேலிருந்தும் ஒன்று எடுக்கலாம். கூடவே ஒரு மணி நேரம் அங்கே நின்று, சிவப்பு விழுந்தபோது எத்தனை வண்டி நிற்காமல் திரும்பியது, எத்தனை சைக்கிள் நேராகப் போனது என்று எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை.

படங்கள் கிடைத்ததும் இங்கே போடுங்கள். மனுவின் முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.